திப்பிக்கும் ஒரு களம் வேண்டும்

கண்ணு,

உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உங்கப்பன் நேற்று ராத்திரி போன் செய்தான். வியாபாரக் கணக்கை ஒரு பக்கம் வாங்கி, சுத்தம் செய்து, வடிவம் மாற்றி, மறுபக்கம் அறிக்கையாகத் தருகிற நிரலை ஜாவாவில் எழுதுவதுதான் முதல் வேலையாம். "பெரியப்பா அதைத்தானே முப்பது வருஷமாகச் செய்கிறார், ரெண்டு வார்த்தை எழுதித் தரச் சொல்லுங்கள்" என்றாயாம். ரெண்டு வார்த்தையில் முடியவில்லை. தவறு செய்தே கற்றவன் நான், சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த வேலைக்குப் பைப்லைன் என்று பேர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கிணற்றிலிருந்து மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக மண்ணுக்கடியில் பதிக்கிறோமே, அதுதான். ஆனாலும் அந்த உவமை எனக்குப் பிடிப்பதில்லை. புதைத்த குழாய் எங்கே கசிகிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. பயிர் வாடிய பிறகுதான் கடப்பாரையைத் தேடுவோம். நான் எழுதிக் கெட்ட நிரல்கள் எல்லாம் அப்படிப் புதைத்த குழாய்கள்தான்.

நீ எழுதுவது சேகோ ஆலை மாதிரி இருக்கட்டும். மரவள்ளிக் கிழங்கு வண்டி எடைமேடையில் ஏறுவதிலிருந்து ஜவ்வரிசி மூட்டை தைக்கிறவரை எல்லாம் கண்ணெதிரே நடக்கும். கழுவுகிற இடம் வேறு, தோல் உரிக்கிற இடம் வேறு. அரைத்ததைச் சல்லடையில் விட்டால் பால் கீழே இறங்கும், திப்பி மேலே தங்கும். பால் தொட்டியில் தெளிந்து மாவாகப் படியும். அந்த ஈரமாவை உடைத்து, உருட்டி, சலித்து, வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். முன்பின் பார்க்காதவரும் ஒரு நடை நடந்து வந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். படிக்கத் தகுந்த நிரல் என்று நான் சொல்வது அதைத்தான்.

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கணக்கு பிறக்கிற இடத்துக்குப் போய்ப் பார். புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையின் கணக்கை ஃபாக்ஸ்புரோவில் ஏற்றுவதுதான் என் முதல் வேலை. பண்ணைக்குப் போகாமல் நோட்டை மட்டும் வீட்டுக்கு வாங்கிவந்து விடிய விடிய உட்கார்ந்து ஏற்றினேன். ஒரு வரியில் 112.14 என்று இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஒன்று நான்கு என்று படித்தேன். பண்ணை மேஸ்திரி எழுதியது அதுவல்ல. 112 அட்டை, அதற்கு மேல் 14 முட்டை. அட்டைக்கு 30 என்றால் 3,374 முட்டை. என் நிரல் 3,364.2 என்றது. எந்தக் கோழியும் 0.2 முட்டை இடாது. அந்தப் புள்ளியைப் பார்த்த உடனே எழுந்து போய்க் கேட்டிருக்கவேண்டும். நானோ முழு எண்ணாக்கி அதை மறைத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. மேஸ்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டின் மேல் விரலை வைத்து, "புள்ளிக்கு இந்தப் பக்கம் அட்டை, அந்தப் பக்கம் சில்லறைங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். கிரிக்கெட்டில் 19.4 ஓவர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் நோட்டை எழுதியவருக்கும் அப்படி ஒரு முறை இருக்கும் என்று தோன்றவில்லை. எழுதியவர் ஒரு அர்த்தத்தோடுதான் எழுதியிருப்பார் என்று நம்பித் தொடங்கு. அந்த மரியாதை இல்லாதவனுக்கு எந்த ஜாவாவும் உதவாது.

2. எண்ணைத் தனியாக அலையவிடாதே. 28 என்று ஒரு எண் உன் நிரலுக்குள் வருகிறது. அது கிழங்கின் மாவுச்சத்துப் பாயிண்டா, டன்னா, நாமக்கல் வண்டியின் டிஎன் 28-ஆ? வாசலில் உனக்குத் தெரியும். பத்துப் படி தள்ளி அதைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆப்ஜெக்ட் என்ற ஒன்றை இதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள். 'முட்டைக்கணக்கு' என்று ஒரு கிளாஸ் எழுது. அட்டையும் சில்லறையும் அதற்குள் இருக்கட்டும், மொத்தம் எத்தனை முட்டை என்று கேட்டால் அதுவே சொல்லட்டும். சில்லறை 30 அல்லது அதற்கு மேல் வந்தால் வாசலிலேயே நிறுத்தட்டும். 112.20-ஐயும் 100.20-ஐயும் கூட்டினால் வெறும் எண்ணுக்கு 212.40 வரும். தன்னை அறிந்த ஆப்ஜெக்ட்டுக்கு 213 அட்டை 10 முட்டை வரும்.

ஒருமுறை உருவான பிறகு அதை யாரும் மாற்றமுடியாதபடியும் செய்துவிடு. நாங்கள் அதற்குப் பக்கம் பக்கமாக எழுதவேண்டியிருந்தது. 2021-ல் வந்த ஜாவா 16-லிருந்து ரெக்கார்ட் என்று ஒரே வரியில் முடிகிறது. உனக்குக் கிடைத்த பாக்கியம் அது.

காசு விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நம் ஊரில் முட்டை விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் 5 காசு, 10 காசில்தான். 0.05 என்ற பின்னத்தைக் கம்ப்யூட்டரின் இரும எண்ணில் துல்லியமாக எழுதமுடியாது. டபுள் என்று போட்டுவிட்டால் ஒவ்வொரு கூட்டலிலும் மயிரிழை நழுவும், லட்சம் முட்டைக்குப் பிறகு எங்கே நழுவியது என்று தேடிக்கொண்டிருப்பாய். காசை முழு எண்ணாக வைத்துக்கொள், இல்லையென்றால் பிக்டெசிமல். ரூபாயாக்குவது அறிக்கை அச்சாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

3. படிகளுக்குப் பேர் வைக்கும்போது தொழிலின் சொல்லை வை. இதைப் படித்துவிட்டுப் போய்விடாதே, நான் பட்ட பாடு இதில்தான் அதிகம்.

1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்குப் பண்ணை விலை அறிவிக்கும். அது செய்தித்தாளில் வரும் விலை. அந்த நாட்களில், சந்தை மந்தமாக இருந்தால் வியாபாரிகள் அதிலிருந்து சில காசுகளைக் கழித்துத்தான் பண்ணையில் எடுப்பார்கள். அதற்கு 'மைனஸ்' என்று பேர். கோழி வளர்க்கிற வீட்டில் சின்னக் குழந்தைக்கும் அந்தச் சொல் தெரியும். ஒரு முட்டை வியாபாரிக்கு நான் எழுதிய நிரலில் விலையைத் திருத்துகிற இரண்டு மெத்தட் இருந்தன. ஒன்றுக்கு 'அட்ஜஸ்ட்' என்று பேர், இன்னொன்றுக்கு 'ப்ராசஸ்'. முதலாவதில் மைனஸைக் கழித்திருந்தேன். மூன்று மாதம் கழித்து வேறொரு வேலைக்காக 'ப்ராசஸை'த் திறந்தபோது, மைனஸ் எங்கேயும் கழிக்கப்படவில்லையே என்று பதறி அங்கேயும் கழித்தேன். அன்றைக்கு மைனஸ் 30 காசு. லட்சம் முட்டைக்கு 30,000 ரூபாய் பண்ணைக்காரரின் கையிலிருந்து போயிற்று.

எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்து, பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட கணக்கைக் காட்டினார். அவர் கணக்கில் நாலே வரி: அறிவித்த விலை, மைனஸ், எடுத்த விலை, முட்டை. என்னுடையது நானூறு வரி. அவருடையதைப் படித்த ஒரு நிமிஷத்தில் என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாலு வரியைத்தான் நான் நிரலாக எழுதியிருக்கவேண்டும். 'மைனஸைக் கழி' என்று ஒரு மெத்தட்டுக்குப் பேர் வைத்திருந்தால், அதையே இரண்டாவது முறை எழுத என் கை வந்திருக்காது. பேர் தெளிந்தால் பாதிப் பிழை பிறக்காது.

4. ஒரு படி ஒரு வேலைதான் செய்யவேண்டும். கழுவுகிறவர் அரைக்கக்கூடாது. 'சுத்தம்செய்து விலைபோடு' என்று ஒரு மெத்தட்டுக்குப் பேர் வைக்கவேண்டி வந்தால், நடுவில் இருக்கிற 'செய்து' உனக்கு எச்சரிக்கை. அங்கே இரண்டாக உடை. இது பழைய ஞானம். 1964-லேயே பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய், தோட்டத்து ரப்பர் குழாயை முனையோடு முனை மாட்டுவதுபோல நிரல்களை மாட்டமுடியவேண்டும் என்று குறிப்பு எழுதினார். 1973-ல் யூனிக்ஸில் அது நடந்தது. ஸ்மால்டாக் என்ற மொழி ஒரு திரளிலிருந்து பொறுக்குவதையும் மாற்றுவதையும் தலா ஒரு சொல்லில் செய்யவைத்தது. ஜாவாவுக்கு அது 2014-ல் ஸ்ட்ரீம் என்ற பேரில் வந்தது. ஆக, உன் கையில் இருப்பது ஐம்பது வருஷத்துக்கு மேல் பழகிய கருவி. நம்பிப் பிடி.

5. திப்பிக்கும் ஒரு களம் வை.

சேகோ ஆலையில் சல்லடையில் தங்கும் திப்பியை யாரும் கொட்டிவிடுவதில்லை. அதற்கென்று தனி இடத்தில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள், தீவனத்துக்குப் போகும். இன்றைக்கு எத்தனை வண்டிக் கிழங்கு, எத்தனை மூட்டை மாவு, எத்தனை திப்பி என்று மூன்றையும் ஆலைக்காரர் பார்ப்பார். திப்பி திடீரென்று அதிகமானால் கிழங்கிலோ அரைவையிலோ கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒதுக்கியதைப் பார்த்துத்தான் எடுத்ததின் தரத்தைத் தெரிந்துகொள்கிறார்.

ஸ்ட்ரீமில் ஃபில்டர் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. நீ வேண்டும் என்றதைக் கொடுக்கும். வேண்டாம் என்றதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசுக்கு டிரிப் கணக்கு எழுதினேன். வண்டி நம்பர் டிஎன் என்று தொடங்கி, எழுத்தும் எண்ணும் சரியான இடத்தில் இருந்தால்தான் அந்த வரியை எடுத்துக்கொள்ளும், மற்றதை ஃபில்டர் தள்ளிவிடும். குப்பை வராது என்று எனக்கு நிம்மதி. ஆனால் டிரிப் ஷீட்டை டிரைவர்கள் பல ஊர் செக்போஸ்ட்டில், தார்ப்பாய்க்கு அடியில், தூக்கக் கலக்கத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவர் நடுவில் கோடு போட்டிருந்தார், ஒருவர் புள்ளி வைத்திருந்தார், ஒருவர் கடைசி நாலு எண்ணை மட்டும் எழுதியிருந்தார். அந்த மாதம் 41 டிரிப் காணாமல் போனது. நிரல் ஒரு பிழையும் காட்டவில்லை. அறிக்கை அழகாக அச்சாகி வந்தது.

நாக்பூர் போய்வந்த டிரைவர் ஒருவர் தன் டைரியை எடுத்துக்கொண்டு வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். சண்டை போடவில்லை. "என் பேட்டா மட்டும் வரலீங்க" என்று சொல்லிவிட்டு, டைரியைத் திறந்து தேதியைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் டீசல் கறை. நான் குப்பை என்று தள்ளியது அவர் ஆறு ராத்திரி கண் விழித்தது. கண்ணு, உன் திரையில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நிற்கிறார். வரியைத் தள்ளும்போது அவரைத்தான் தள்ளுகிறாய்.

அதனால் பிரிக்கும் இடத்தில் இரண்டு பக்கத்தையும் கையில் வாங்கு. ஜாவாவிலேயே பார்ட்டிஷனிங்பை என்று ஒன்று இருக்கிறது, ஆமென்றதையும் இல்லையென்றதையும் சேர்த்தே தரும். அதற்கும் மேலாக, ஒதுக்கிய ஒவ்வொரு வரியோடும் ஏன் ஒதுக்கினாய் என்ற காரணத்தையும் ஒட்டிவை. 'வண்டி நம்பர் புரியவில்லை' என்று நாலு பேருக்கும் புரிகிற சொல்லில். அந்தப் பட்டியல் தினமும் காலையில் ஒரு மனிதர் மேசைக்குப் போகவேண்டும். நிரலின் கடைசியில் எடைமேடைக் கணக்கு ஒன்று வை: உள்ளே வந்தது, எடுத்தது, ஒதுக்கியது. பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வரவேண்டும். வராவிட்டால் அறிக்கை அச்சாகவே கூடாது. இதை எழுதப் பத்து வரி போதும். நான் இதற்கு இருபது வருஷம் எடுத்துக்கொண்டேன்.

6. படிகளின் வரிசையை யோசித்து வை. உரிக்காத கிழங்கை அரைத்துவிட்டால் பிறகு தோலைப் பொறுக்கமுடியாது. இரட்டைப் பதிவுகளை நீக்குமுன் ஊர்ப்பேரை ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டுவா. திருச்செங்கோட்டை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள், அது தெரியாத நிரலுக்கு ஐந்து ஊர். ஒரு படி இன்னொன்றுக்கு முன்னால்தான் இருக்கவேண்டும் என்றால், ஏன் என்று ஒரு வரி எழுதிவை. பின்னால் வருகிறவர் நல்லெண்ணத்தோடு இடம் மாற்றிவிடுவார்.

7. பழைய பதிவைத் தவறு என்று அவசரப்பட்டுச் சொல்லாதே. சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1-ல். ஒரு தீவன வியாபாரியின் பல வருஷத்துக் கணக்கை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். 1996 வரை நாமக்கல் பூஜ்யம், 1997-ல் சேலம் சரிந்து விழுந்திருந்தது. "அந்த வருஷம் சேலத்துப் பண்ணையில் என்ன நோய் வந்தது?" என்று முதலாளி கேட்டார். நோய் ஒன்றும் வரவில்லை, கோடு மாறியிருந்தது.

அதைச் சரிசெய்கிறேன் என்று அடுத்த தவறைச் செய்தேன். பழைய வரிகளில் ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் மாவட்டத்தை 'நாமக்கல்' என்று மேலேயே எழுதிவிட்டேன். பிறகு பழைய பில்லோடு ஒப்பிடும்போது ஒன்றும் ஒத்துவரவில்லை. மூலத்தைத் திரும்பக் கொண்டுவர வழியுமில்லை. வந்ததை வந்தபடியே ஒரு பக்கம் வைத்திரு. 'இன்றைய மாவட்டம்' என்பது நீ சேர்க்கிற புதுத் தகவல், அதற்குத் தனிப் புலம், தனிப் படி, தனிப் பேர். அன்றைக்குச் சேலம் ஜில்லா என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதினார்.

இதே போலத்தான் பேர் விஷயமும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று எங்கிருந்தோ வந்த அச்சில் நம் ஆட்களை அடைக்காதே. ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள், அவர்களை வேறுபடுத்துவது தகப்பன் பேரின் முதல் எழுத்துதான். அதைக் கடைசிப் பெயர் என்று நினைத்து வெட்டினால் நாலு பேரும் ஒருவராகிவிடுவார்கள்.

8. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்கு நிரல் இடமில்லை. ஸ்ட்ரீம் வந்த புதிதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதுவரை லூப் போட்டு அலுத்தவன் அல்லவா? ஒரு மாத அறிக்கை முழுவதையும் ஒரே வாக்கியமாக எழுதினேன். புள்ளிக்கு மேல் புள்ளியாகப் பதினேழு மெத்தட், தொகுப்புக்குள் தொகுப்பு, அதற்குள் இன்னொன்று. எழுதி முடித்த அன்று பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆறு மாதம் கழித்து அதில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. எழுதிய எனக்கே பிடிபடவில்லை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் ஒருத்தி அதைத் தாளில் அச்செடுத்து, பேனாவோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு புள்ளியிலும் பேனாவை நிறுத்தி, "இந்த இடத்தில் கையில் என்ன இருக்கும் சார்?" என்று கேட்டாள். பண்ணைகளா, பண்ணைவாரி முட்டைகளா, நாள்வாரி பண்ணைகளா? ஐந்தாவது புள்ளியில் என்னால் பதில் சொல்லமுடியவில்லை. அவள் அங்கே வெட்டி, அதுவரை வந்ததற்கு 'நாள்வாரி வரவு' என்று பேர் வைத்தாள். அப்படியே நாலு துண்டாக்கினாள். உள்ளே அடைத்துவைத்திருந்த நீண்ட லாம்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, பேரோடு கூடிய சின்னச் சின்ன மெத்தட்டுகளாக அந்தந்த கிளாஸில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வரிகள் கூடின. ஆனால் மேலிருந்து கீழே படித்தால் ஒரு பண்ணையின் ஒரு நாள் அதில் தெரிந்தது.

அந்தக் கேள்வியை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன், நீயும் எடுத்துக்கொள். எந்தப் புள்ளியில் நிறுத்திக் கேட்டாலும் கையில் என்ன இருக்கிறது என்று உன்னால் ஒரு தமிழ்ச் சொல்லில் சொல்லமுடியவேண்டும். முடியாத இடத்தில் வெட்டு. சில இடத்தில் பழைய ஃபார் லூப்தான் தெளிவாக இருக்கும். அப்படியானால் அதையே எழுது, வெட்கப்படாதே. வயதில் சிறியவர் திருத்தினால் வாங்கிக்கொள். எனக்கு அன்றைக்கு முகம் சுருங்கியது, அதை அவள் கவனித்தாள். இன்றைக்கும் அதற்கு வருத்தப்படுகிறேன்.

9. உன் வாய்க்காலில் போகிற தண்ணீர் அடுத்தவர் வயலை நனைக்கக்கூடாது. ஒரு படி தனக்கு வந்ததை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்கவேண்டும். வழியில் வெளியே இருக்கிற லிஸ்ட்டைத் தொடுவது, டேட்டாபேஸில் எழுதுவது இதெல்லாம் வேண்டாம். ஸ்ட்ரீமில் இடைப்பட்ட படிகள், கடைசியில் யாராவது விளைவைக் கேட்டால்தான் ஓடும். அப்போதும் எல்லாம் ஓடும் என்ற உறுதியில்லை. நான் பீக் என்ற மெத்தட்டுக்குள் ஒரு எண்ணியை வைத்து, கடைசியில் கவுண்ட் போட்டு, எத்தனை வரி கடந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாவா 9-க்கு மாறியதும் என் எண்ணி 0 காட்டியது. மூலத்தின் அளவு முன்பே தெரிந்து, நடுப்படிகள் எண்ணிக்கையை மாற்றாதவையாக இருந்தால், அவற்றை ஓட்டாமலேயே கவுண்ட் பதில் சொல்லிவிடலாம் என்று அந்தப் பதிப்பிலிருந்து ஆயிற்று. ஜாவாவின் மேல் பிழையில்லை. செய்யக்கூடாத இடத்தில் நான் வேலை வைத்திருந்தேன்.

10. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி, எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் வெந்தது. கணக்குக்கு அது பொருந்தாது. பத்தாயிரம் வரி நன்றாக இருக்கும், பத்தாயிரத்து ஒன்றாவது வரியில் மேஸ்திரி பேனா மை தீர்ந்து போயிருக்கும். அதனால் டெஸ்ட் எழுதும்போது நல்ல வரிகளைத் தேடாதே, தொந்தரவு தருகிற வரிகளைச் சேர்த்துவை. ஒரு முட்டைகூட வராத நாள். 112.29. 112.30, இது வரவே கூடாது, வந்தால் என்ன ஆகும்? 112.2 என்று வந்தால் 2 முட்டையா, அல்லது எக்செல் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு அனுப்பிய 20-ஆ? பிப்ரவரி 29. ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டு டிரிப். ஒதுக்கிய வரிகள் தினமும் வருமே, உனக்குப் புது டெஸ்ட்டுகள் அங்கேதான் விளையும்.

ஒவ்வொரு படியையும் தனியாகச் சோதிக்க முடிந்தால் நீ சரியாகப் பிரித்திருக்கிறாய் என்று அர்த்தம். 1981-ல் பதிவாகிச் சேலத்தில் நடக்கும் சேகோசர்வ் கூட்டுறவில், வியாபாரிகள் மாதிரியைக் கையில் அள்ளிப் பார்த்துத்தான் விலை குறிப்பார்கள். அது கடைசிச் சோதனை. ஆலைக்காரர் அதற்கு வெகு முன்பே, தொட்டியில் படிந்த மாவை விரலால் தொட்டுப் பார்த்திருப்பார்.

11. தவறு தெரிந்த அன்றே போய்ச் சொல். அந்த மைனஸ் விஷயத்தில், பெரியவர் வந்துபோன பிறகு மற்ற பில்களை எடுத்துப் பார்த்தேன். இன்னும் பதினோரு பண்ணைக்கு அப்படிப் போயிருந்தது. அவர்களில் யாரும் கேட்டு வரவில்லை. நிரலை அன்று மாலையே திருத்திவிட்டேன். ஆனால் முதலாளியிடம் வாயைத் திறக்க நாலு நாள் ஆயிற்று. வேலை போய்விடும் என்று பயம். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, உங்கப்பன்தான் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஐந்தாம் நாள் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்தேன். அவர் முழுவதும் படித்தார். "யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தேன். அடுத்த பில்லில் பன்னிரண்டு பேருக்கும் வரவு வைத்தோம். எருமப்பட்டிப் பெரியவருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மோர் கொடுத்தார்கள். என் கணக்கு எங்கே தப்பியது என்று அவருக்கு நாலு வரியில் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துச் சரிபார்த்தார்.

இதற்கு மேல் தாளில் எழுதி ஆவதில்லை. இது கிழங்கு வெட்டும் காலம், ராசிபுரம் ரோட்டில் எனக்குப் பழக்கமான ஆலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, சொல்லி வைக்கிறேன். ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடு கண்ணு, வண்டி எடைமேடையில் ஏறுவதிலிருந்து பார்க்கவேண்டும். களத்தில் வெயில் ஏறிவிடும், தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.